நீங்கள் பிட்டா? ஒரே எண் சொல்லிவிடுமா?

"உயரம், எடை இரண்டையும் டைப் செய்யுங்கள், நீங்கள் பிட்டா என்று சொல்கிறோம்" என்று அழைக்கும் இணைய தளங்கள் பல உள்ளன. கிளிக் செய்தவுடன் ஓர் எண் கிடைக்கும். அது எதை அளக்கிறது?

அந்த எண் பி.எம்.ஐ. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது. 60 கிலோ எடை, 1.65 மீட்டர் உயரம் உள்ளவருக்கு 22. ஏற்காட்டில் காபிப் பழ மூட்டை சுமந்து மேடேறும் எஸ்டேட் தொழிலாளிக்கும், சேலத்தில் நாள் முழுக்க மானிட்டர் முன் அமர்ந்திருப்பவருக்கும் இதே 22 வரலாம். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, மூச்சு தாங்குமா என்பதெல்லாம் இதில் தெரியாது.

உடல் தகுதி என்பதே ஒன்றல்ல. இதயம்-நுரையீரல் திறன், தசை வலிமை, களைக்காமல் தாங்கும் சக்தி, உடல் வளையும் தன்மை, கொழுப்பின் அளவு எனப் பலவும் சேர்ந்தது. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் பின்தங்கலாம்.

இடமும் கணக்கை மாற்றும்

1968ல் அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஓடும் தூரத்தை வைத்து இதயம்-நுரையீரல் திறனைக் கணிக்கும் சோதனையை வெளியிட்டார். இது சமதளத்துக்கானது. சேர்வராயன் மலை ஏற்றத்தில் அதே நபர் ஓடும் தூரம் குறைந்துவிடும். மேலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. சமவெளியிலிருந்து சென்றவருக்கு நடக்கும்போது நாடி சற்று வேகமாகத் துடிக்கலாம்.

போன் எண்ணும் காலடிகளும் அப்படியே. ஏரிக்கரையில் வைத்த 1,000 அடியும், சேர்வராயன் கோயில் ஏற்றத்தில் வைத்த 1,000 அடியும் அதற்கு ஒன்றுதான்.

எக்ஸெலில் உங்கள் கணக்கு

எனவே உங்களை உங்களோடு ஒப்பிடுங்கள். எக்ஸெல் அல்லது இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். முதல் வரிசையில் தேதி, பாதை, நிமிடங்கள், நடந்து நின்றதும் நாடித் துடிப்பு, ஒரு நிமிடம் கழித்துத் துடிப்பு, வித்தியாசம் என ஆறு தலைப்புகள் டைப் செய்யவும். வித்தியாசம் செல்லில் = அடித்து, முதல் துடிப்பு உள்ள செல்லைக் கிளிக் செய்து, - அடித்து, அடுத்த துடிப்பு உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். 132, 108 எனில் 24 கிடைக்கும்.

வாரம் ஒருமுறை, அதே பாதையில், அதே நேரத்தில், அதே வேகத்தில் நடந்து பதியவும். சில மாதங்களில் வித்தியாசம் கூடி வந்தால் இதயம் விரைவாக ஓய்வுக்குத் திரும்புகிறது, நல்ல அறிகுறி. ஆனால் இது கை வலிமையைச் சொல்லாது. அதற்குத் தனிப் பத்தி தேவை.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே மேடேறவும்.