மழை பெய்தால்... பிள்ளைகளுக்கு ஆங்கிலம், பெரியவர்களுக்கும் ஒரு பாடம்

தானா ராத்தாவில் குடியிருப்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்து மலை முகட்டைப் பார்த்ததுமே, "இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் கொட்டப் போகிறது" என்று சொல்லிவிடுகிற தாய்மார்கள் நம் தோட்டத்து வீடுகளில் உண்டு. ஆனால் அதே வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளைக்கு மழை பெய்தால் நான் வீட்டில் இருப்பேன் என்பதை ஆங்கிலத்தில் சொல், பார்க்கலாம்" என்று கேளுங்கள். பத்துக்கு ஆறு பிள்ளைகளாவது, "இஃப் இட் வில் ரெயின் டுமாரோ" என்று தொடங்கும்.

பிழை சின்னதுதான். என்றாலும் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வும் இருக்கிறது. பிறகு ஹோட்டல் வேலையானாலும் அலுவலக வேலையானாலும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த வாக்கியத்தை இன்றைக்கே சரிசெய்து கொள்வோமா?

இரண்டு பாதி, ஒரே ஒரு 'வில்'

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'ஃபர்ஸ்ட் கண்டிஷனல்' என்று பெயர். நாம் நிபந்தனை வாக்கியம் என்று சொல்லிக் கொள்ளலாம். இதற்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று நிபந்தனை, மற்றது விளைவு.

இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஐ வில் ஸ்டே அட் ஹோம்.

'வில்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளைவுப் பாதியில் மட்டும்தான் இருக்கிறது. 'இஃப்' இருக்கும் பாதிக்குள் அது நுழையக் கூடாது. அங்கே நிகழ்கால வினைதான் வரவேண்டும்: 'ரெயின்ஸ்'.

"மழை நாளைக்குத்தானே பெய்யப் போகிறது? அங்கே எப்படி நிகழ்காலம் வரும்?" என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இதற்குப் பதில் நம் தமிழிலேயே இருக்கிறது. 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோமே, அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது 'பெய்து', 'பெய்த' என்று வருகிற இறந்தகால உருவம். நாளை வரப்போகிற மழைக்கு நேற்றைய மழையின் உருவத்தைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகப் பேசுகிறோம். யாரும் குழம்புவதில்லை. 'பெய்வால்' என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா? 'இஃப் இட் வில் ரெயின்' என்பதும் ஆங்கிலக்காரர் காதில் அப்படித்தான் விழும்.

இன்னொரு வசதியும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. மலாய் தெரியும். "காலாவ் ஹூஜான், சாயா டுடோக் டி ரூமா" என்று தடுமாறாமல் சொல்லும். 'காலாவ்' எங்கே நிற்கிறதோ அங்கேதான் 'இஃப்' நிற்கும். தமிழில் 'ஆல்' வினைக்குப் பின்னால் ஒட்டிக் கொள்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அது முன்னால் தனியே வந்து நிற்கிறது. மலாயில் வினை உருமாறாது. ஆங்கிலத்தில் மட்டும் 'இட்', 'ஹி', 'ஷி' வந்தால் 'ஸ்' சேர வேண்டும்: ரெயின்ஸ், ரைசஸ், ஃபால்ஸ். இல்லை என்று சொல்ல 'டஸ் நாட்' போட வேண்டும்.

மலையே கரும்பலகை

வாக்கியம் புரிந்துவிட்டது. இனிப் பழக வேண்டும். உலகத்தின் பல நாடுகளில் ஆசிரியர்கள் இந்த வாக்கியத்தைப் பருவநிலை மாற்றத்தை வைத்துப் பழக்குகிறார்கள். 'இது நடந்தால் அது நடக்கும்' என்று பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைப்பது கடினம். கேமரன் மலையில் இருக்கும் நமக்கோ பாடப் புத்தகத்தைப் புரட்டக்கூட வேண்டாம். சன்னலைத் திறந்தால் போதும்.

ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் இது. 1929-ஆம் ஆண்டு ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கியதும் இந்தக் குளிரையும் மழையையும் நம்பித்தான். மலேசியாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அது 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கேதான் பதிவாயிற்று. அந்தக் காலத்துக் குளிரைப் பற்றி உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

உலகம் ஏன் சூடாகிறது? நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரிப்பதாலும் காட்டை அழிப்பதாலும் கரியமில வாயு காற்றில் சேருகிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு அந்த வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. வெப்பத்தை வெளியே விடாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது.

ஒரு டிகிரிதானே என்று தோன்றும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும். அவ்வளவும் மழையாக இறங்கும்போது கனத்துக் கொட்டும். இதோ ஆங்கிலத்தில்:

இஃப் த ஏர் கெட்ஸ் வார்மர், இட் வில் ஹோல்ட் மோர் வாட்டர்.
காற்று சூடானால், அதிக நீரைத் தாங்கும்.

இஃப் இட் டஸ் நாட் ரெயின், த டீ புஷஸ் வில் கிவ் ஃப்யூவர் லீவ்ஸ்.
மழை பெய்யாவிட்டால், தேயிலைச் செடிகள் குறைவாகவே கொழுந்து விடும்.

இரண்டாவது வாக்கியத்தின் பொருளைக் கொழுந்து பறித்த கைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. செடி தளிர்க்காவிட்டால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் வீட்டுச் செலவு இடிக்கும்.

சங்கிலி வாக்கியம்

இப்போது ஒரு விளையாட்டு. முதல் பிள்ளை ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதன் விளைவை எடுத்து, அதையே நிபந்தனையாக்கி அடுத்த பிள்ளை சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சங்கதியை வைத்தே தொடுத்துப் பார்ப்போம்.

இஃப் பீப்பிள் கட் த ஃபாரஸ்ட், த ரெயின் வில் வாஷ் த சாயில் அவே.
காட்டை வெட்டினால், மழை மண்ணை அரித்துக் கொண்டு போகும்.

இஃப் த ரெயின் வாஷஸ் த சாயில் அவே, த லேக் வில் ஃபில் வித் மட்.
மண் அரித்துப் போனால், ஏரி சேற்றால் நிறையும்.

இஃப் த லேக் ஃபில்ஸ் வித் மட், இட் வில் ஹோல்ட் லெஸ் வாட்டர்.
ஏரி சேற்றால் நிறைந்தால், குறைந்த நீரையே தாங்கும்.

இது கற்பனை அல்ல. மின்சாரத்துக்காக 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் பின்னால் உள்ள ரிங்லெட் ஏரியின் கதைதான். மலைச் சரிவுகளில் காடு போய்த் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகப் பெருக, மண் ஆற்றோடு வந்து ஏரியில் படிந்தது. 2013 அக்டோபரில் பெருமழை பெய்து ஏரி நிரம்பியபோது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் போயின. 2014 நவம்பரில் மறுபடியும் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. கனத்த மழையும் வெறுமையான சரிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மலை நேரில் பார்த்திருக்கிறது.

ஆற்றோரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியத்தையும் சொல்லிக் கொடுங்கள்:

இஃப் யூ ஹியர் த சைரன், கோ டு ஹை கிரவுண்ட்.
சங்கு ஊதினால், மேட்டுக்குப் போ.

கட்டளை இடும்போது 'வில்' கூட வேண்டியதில்லை. வினைச்சொல் மட்டும் போதும். இது தேர்வுக்கு மட்டும் உதவுகிற வாக்கியம் அல்ல.

நடப்பதற்கு முன்னால் சொல்வது

ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியம் பலவகை. "அன்றைக்குக் காட்டை வெட்டாமல் இருந்திருந்தால் இந்த வெள்ளம் வந்திருக்காது" என்று சொல்ல வேறொரு வகை இருக்கிறது. அதற்குப் பெயர் 'தர்ட் கண்டிஷனல்'. அது நடந்து முடிந்த பிறகு சொல்கிற புலம்பல். நாம் இன்று படித்த முதல் வகை, நடப்பதற்கு முன்னால் சொல்வது. நிபந்தனை இன்னும் நம் கையில் இருக்கும்போது சொல்வது. வெப்பம் 2 டிகிரிக்கு வெகுவாகக் குறைவாக இருக்க வேண்டும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயல வேண்டும் என்று 2015-இல் பாரிசில் உலக நாடுகள் செய்து கொண்ட உடன்பாடும் இந்த முதல் வகையைச் சேர்ந்ததுதான்.

நாடுகள் செய்ய வேண்டியதை நாம் செய்ய முடியாது. ஆனால் பிள்ளைகள் சொல்லக்கூடியது நிறைய உண்டு: "இஃப் வி பிளான்ட் ட்ரீஸ், த ரூட்ஸ் வில் ஹோல்ட் த சாயில்." மரம் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக் கொள்ளும். "இஃப் வி த்ரோ ரப்பிஷ் இன்டு த டிரெயின், த வாட்டர் வில் கம் இன்டு அவர் ஹவுஸ்." சாக்கடையில் குப்பை போட்டால் தண்ணீர் நம் வீட்டுக்குள் வரும்.

இன்றிரவே தொடங்கலாம்

தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'இஃப்' பாதியில் 'வில்' காதில் விழுந்தால், "பெய்வால் என்கிறாயே!" என்று நிறுத்துங்கள். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

பழகுவதற்கு நான்கு வாக்கியங்கள் இதோ:

1. நாளைக்கு வெயில் அடித்தால், அம்மா துணி துவைப்பார்.
2. நீ சீக்கிரம் எழாவிட்டால், பஸ் போய்விடும்.
3. சாலையில் மண் சரிந்தால், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள்.
4. காட்டைக் காப்பாற்றினால், ஆற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும்.

நான்காவதைப் பிள்ளை பிழையில்லாமல் சொன்னதும், "நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் ஆறு எப்படி இருந்தது தெரியுமா?" என்று தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.