உழக்காவது மிஞ்சுமா?

குட்டீஸ்... 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்று தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். உழக்கு என்பது அந்தக் கால அளவை. நான்கு உழக்கு சேர்ந்தால் ஒரு படி. பாடுபட்டு விளைவித்தவருக்குக் கால் படி தானியம்கூட மிச்சமாகாதா? பழமொழி சும்மா சொல்கிறதா, இல்லை உண்மையா? இன்று நாமே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து விடலாம். காகிதம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்!

விலையைச் சொல்வது யார்?

நீங்கள் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கும். தயாரித்த கம்பெனியே அதை முடிவு செய்கிறது. கோதுமை, சர்க்கரை விலை ஏறினால், பிஸ்கட் விலையையும் ஏற்றும். அல்லது பாக்கெட்டில் இரண்டு பிஸ்கட்டைக் குறைத்துவிடும்!

உழவர் அப்படிச் செய்ய முடியாது. உரம், டீசல், விதை எல்லாவற்றையும் கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்குகிறார். விளைந்த நெல்லையோ, மற்றவர் சொல்லும் விலைக்கு விற்கிறார். வாங்கும்போதும் விலை அவர் கையில் இல்லை, விற்கும்போதும் இல்லை.

இதனால் உழவர் அடியோடு நஷ்டப்படக் கூடாது என்று மத்திய அரசு ஆண்டுதோறும் 'குறைந்தபட்ச ஆதரவு விலை' அறிவிக்கிறது. இதற்குப் பரிந்துரை செய்யும் ஆணையமும், நெல் வாங்கும் இந்திய உணவுக் கழகமும் 1965ல் தொடங்கப்பட்டவை. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? நம் தஞ்சாவூரில்!

2025-26ம் ஆண்டுக்குச் சாதாரண ரக நெல்லுக்கு, 100 கிலோ கொண்ட ஒரு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என மத்திய அரசு அறிவித்தது. தமிழக அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாய் ஆக்கியது.

கணக்குப் போடுவோம்!

காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மாதப் பயிர். கீழே உள்ளவை நாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட தொகைகள்; ஊருக்கு ஊர் மாறும்.

உழவு, சேறடிப்பு, வரப்பு வேலை: 7,000
விதை, நாற்றங்கால்: 2,500
நாற்றுப் பறி, நடவு: 7,000
அடியுரம், மேலுரம்: 5,000
களை எடுப்பு, பூச்சிமருந்து: 5,500
அறுவடை இயந்திர வாடகை: 4,000
மூட்டை பிடித்தல், வண்டி வாடகை: 2,000
மற்ற செலவுகள்: 3,000

மொத்தம் 36,000 ரூபாய்.

விளைச்சல் நன்றாக இருந்து, 40 கிலோ மூட்டை 60 கிடைத்தால் மொத்தம் 24 குவிண்டால். 24 x 2,500 = 60,000 ரூபாய். செலவு போக மிச்சம் 24,000.

'பரவாயில்லையே!' என்கிறீர்களா? பொறுங்கள். இது ஐந்து மாத உழைப்புக்கு. மாதத்துக்கு 4,800 ரூபாய்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஓர் உழவரிடம் இருந்த நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இரண்டு ஏக்கர் என்றே வைத்தாலும், மாதம் 9,600 ரூபாயில் முழுக் குடும்பமும் நடக்க வேண்டும். மளிகை, பஸ் கட்டணம், மருந்து, நோட்டுப் புத்தகம் எல்லாம் இதற்குள்தான். குத்தகை நிலமாக இருந்தால், நில உரிமையாளருக்கும் பங்கு போய்விடும்.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். சாகுபடிச் செலவு 10 சதவீதம் கூடுகிறது. 36,000 ரூபாய், 39,600 ஆகிறது. மிச்சம் 20,400. அதாவது செலவு ஏறியது 10 சதவீதம். வருமானம் குறைந்தது 15 சதவீதம்! அறுவடை நேரத்தில் மழை கொட்டி, விளைச்சல் 45 மூட்டையாகக் குறைந்தால்? பழைய செலவிலேயே கையில் நிற்பது வெறும் 9,000. பழமொழி ஏன் பிறந்தது என்று புரிகிறதா?

எங்கோ ஏறிய விலை... இங்கேயும் ஏறியது!

பயிருக்கு மூன்று சத்துகள் முக்கியம்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. சாம்பல்சத்துக்காகப் பொட்டாஷ் உரம் போடுவார்கள். இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் போன்ற நாடுகளில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

2009ல் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 223 ரூபாய். அந்த ஆண்டு ஒரு குவிண்டால் நெல்லுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து 1,000 ரூபாய் கிடைத்தது. ஒரு குவிண்டால் விற்று நான்கு மூட்டை வாங்கினாலும் கையில் 100 ரூபாய் மிஞ்சும். 2010ல் மானிய முறை மாறியது. உலகச் சந்தை விலை ஏறினால் இங்கும் ஏறலாம் என்ற நிலை வந்தது.  2022ல் பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய்! அந்த ஆண்டு நெல்லின் ஆதரவு விலை 2,040. நான்கு மூட்டை வாங்கிய அதே ஒரு குவிண்டால், ஒரே ஒரு மூட்டைதான் வாங்கியது.

எல்லாமே இப்படி ஏறவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கே கிடைக்கிறது. மீதிப் பணத்தை மத்திய அரசு தருகிறது. தமிழகத்தில் பம்ப்செட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். ஆனால், யூரியா மட்டும் மலிவாக இருப்பதால் அதை அள்ளிப் போட்டு, பொட்டாஷைக் குறைத்து விடுகிறார்கள். ஒரே கறியை மட்டும் சாப்பிடும் பிள்ளை மாதிரி பயிர் ஆகிவிடுகிறது!

டிராக்டர் வாங்கினால் என்ன?

அந்தக் காலத்தில் உழவு மாடு வீட்டிலேயே நின்றது. சாணம் எருவானது. போன வருட நெல்லே இந்த வருட விதை. செலவில் பாதி வீட்டுக்குள்ளேயே முடிந்தது. ஆனால், வேலையோ மிகக் கடினம். ஒரு ஏக்கர் அறுக்கப் பலர் நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். அதே வேலையை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் முடிக்கிறது.

சிக்கல் விலையில். டிராக்டர் பல லட்ச ரூபாய். இரண்டு ஏக்கர்காரர் அதை வாங்கினால், வருடத்தில் சில நாட்கள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் தூங்கும். கடன் தவணையோ தூங்காது! அதனால் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். டீசல், ஓட்டுநர் சம்பளம், உதிரி பாகம் எது ஏறினாலும் வாடகை ஏறும். மழை வரப்போகிறது என்றால், எல்லாரும் ஒரே நாளில் அறுவடை இயந்திரத்தைத் தேடுவார்கள். அப்போது வாடகை எகிறிவிடும்.

2025 செப்டம்பர் 22ல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி., வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்க்காமல் 6 லட்ச ரூபாய் டிராக்டர் என்றால், எவ்வளவு மிச்சம்? நீங்களே போட்டுப் பாருங்கள். விடை: 42,000 ரூபாய்.

கூலியும் ஏறியிருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. சேற்றில் நின்று நடவு நடும் அக்கா வீட்டிலும் எண்ணெய், பருப்பு விலை ஏறியிருக்கிறதே! அவர் கூலி குறைந்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் சாப்பாடு அல்லவா குறையும்?

ஜூன் மாதத் தலைவலி

உங்களுக்கு ஜூன் என்றால் புதுப் பை, புது வகுப்பு. டெல்டா உழவருக்கு ஜூன் என்றால் குறுவை. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளிச் செலவும், உழவுச் செலவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்; நெல்லோ செப்டம்பருக்குப் பிறகுதான் பணமாகும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, உரிய காலத்தில் கட்டினால் தமிழகத்தில் வட்டி இல்லை. நிலப் பத்திரம் இல்லாத குத்தகைக்காரருக்கு அதுவும் எளிதல்ல. அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போவது இந்த நேரத்தில்தான்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு! வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. 'இ-வாடகை' செயலியில் பதிவு செய்யலாம். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும், யூரியா குறையும். திருந்திய நெல் சாகுபடி முறையில், ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும்.

பெரிய யோசனையும் ஒன்று உண்டு. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவோடு குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. ஆணையம் அறிக்கைகள் தந்தது 2004 முதல் 2006க்குள். கையிலிருந்து செலவழித்த பணத்தோடு குடும்பத்தாரின் உழைப்பையும் சேர்த்து, அதற்கு மேல் 50 சதவீதம் தருவதாக மத்திய அரசு சொல்கிறது. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும், போட்ட முதலுக்கான வட்டியையும் சேருங்கள் என்று உழவர் சங்கங்கள் கேட்கின்றன. எது செலவு, எது செலவில்லை என்பதில்தான் பேச்சே!

இந்த வாரம் செய்து பாருங்கள்!

மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசி விலை கேட்டு எழுதுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ நெல் வேண்டும். கிலோ 25 ரூபாய் வீதம், அந்த நெல்லுக்கு 37 ரூபாய் 50 காசு. கடை விலையில் இருந்து அதைக் கழியுங்கள். மீதி, அரைவை, லாரி, வியாபாரி என்று பிரிந்து போகிறது. உழவருக்கு வந்த 37.50லும் பெரும்பகுதி செலவுக்கே போய்விட்டது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்திலோ உழவர் இருந்தால், இந்தப் போகத்தில் எந்தச் செலவு அதிகம் ஏறியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகைகளைப் போட்டு மேலே உள்ள கணக்கைத் திருத்தி எழுதுங்கள். உழக்கு மிஞ்சுகிறதா என்று பார்ப்போம்!