வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

2016 ஜூலை 22ஆம் தேதி ‘கபாலி’ வெளியானது. மலேசியாவில் நடக்கும் நம்மூர்க் கதை, நம்மூரிலேயே நிறையக் காட்சிகள் எடுக்கப்பட்ட படம். ஆனால் சென்னையில் பார்த்தவரும் கிள்ளானில் பார்த்தவரும் ஒரே முடிவைப் பார்க்கவில்லை. அங்கே திரை இருண்டது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது, மற்றது பார்ப்பவர் மனத்துக்கு விடப்பட்டது. இங்கே அதற்கு மேல், கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஓர் எழுத்து வரி திரையில் வந்து கதையை முடித்துவைத்தது. அந்த ஒரு வரியில் படத்தின் பொருளே வேறு பக்கம் சாய்ந்துவிட்டது.

படத்தை எடுத்த பிறகும் படம் மாறும் என்பதை மலேசியத் தமிழ் ரசிகனுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கையில் வெட்டு, தொலைக்காட்சியில் வேறொரு வெட்டு, அந்தக் காலத்து விசிடியில் இடைவேளை இல்லாத இடத்தில் வட்டை மாற்றச் சொல்லும் வெட்டு என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தக் கத்தரிக்கோல் இப்போது வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. பிடித்த படத்தை, தொடரை, ரசிகர் தம் ரசனைக்கு மறுபடி தொகுத்துப் பார்க்கும் வேலைக்கு ரசிகர் தொகுப்பு என்று பெயர். பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் குடித்துக்கொண்டு இதைப் பற்றிப் பேசினால் இளைஞர்கள் முதலில் கேட்பது, “எந்த செயலி நல்லது அண்ணே?” என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தேநீர் ஆறுவதற்குள் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

டிக்டாக்கில் முப்பது வினாடி ஓடும் துண்டுகளை நான் சொல்லவில்லை. முழுப் படத்தை எடுத்து, சிலதை நீக்கி, சிலதை இடம் மாற்றி, மறுபடி ஒரு முழுப் படமாக நிற்கவைப்பதுதான் இந்த வேலை. இதற்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தவர் மைக் நிக்கல்ஸ் என்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர். 1999இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் அத்தியாயம் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. உட்கார்ந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை எடுத்தார், ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தின் சேட்டைகளைக் குறைத்தார். ‘ஃபேன்டம் எடிட்’ என்ற பெயரில் அது கைமாறிக் கைமாறிப் பரவியது. பிறகு 2012இல் நடிகர் டோஃபர் கிரேஸ் அதே வரிசையின் மூன்று படங்களையும் சேர்த்து 85 நிமிடமாக்கி, நண்பர்களை அழைத்துப் போட்டுக் காட்டினார். படத்தொகுப்பைக் கற்றுக்கொள்ளத்தான் அதைச் செய்தார். இந்தப் பொழுதுபோக்கின் மிக நல்ல வடிவம் அதுதான் என்பது என் கருத்து.

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே செய்கிறார்கள். 2002இல் வந்த ‘பாபா’ சுமார் அரை மணி நேரம் குறைக்கப்பட்டு, முடிவும் மாற்றப்பட்டு 2022 டிசம்பரில் மறுபடி திரைக்கு வந்தது. ‘ஆளவந்தான்’ 2023இல் சுருங்கி வந்தது. ‘இந்தியன் 2’ வெளியான ஒரு வாரத்துக்குள் 12 நிமிடம் இழந்தது. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் சோக முடிவை, செயற்கை நுண்ணறிவை வைத்து மகிழ்ச்சியான முடிவாக்கி வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. ஒரு ரசிகர் வீட்டுக்குள் அப்படிச் செய்து பார்த்தால் மூலப் படம் மூலப் படமாகவே இருக்கும். உரிமையாளரே அதைத் திரையரங்குக்கு அனுப்பினால், நாளை எது அசல் என்று கேட்பவனுக்குப் பதில் குழம்பிவிடும்.

சரி, எந்தப் படத்தில் கை வைப்பது? ‘பொன்னியின் செல்வன்’ நல்ல பாடம். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரத்தைத் தொடும். படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். இரண்டாம் பாகம், சிறு வயது ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் பழைய நாட்களில் தொடங்குகிறது. இதைப் பார்த்த பலருக்கும் தோன்றுவது, அந்தப் பகுதியைத் தூக்கி முதல் பாகத்தின் தலையில் வைத்துவிட்டால் கதை நேராக ஓடுமே என்பது.

வைத்துப் பாருங்கள். கதை நேராகத்தான் ஓடும். ஆனால் முதல் பாகத்தில் கரிகாலன் போர்க்களத்தில் வெறிகொண்டு திரிவதற்கும், குடித்துவிட்டுப் புலம்புவதற்கும் காரணம் நமக்கு முன்பே தெரிந்திருக்கும். நந்தினி திரையில் வரும்போதெல்லாம் இவள் யார், இவளுக்கு என்ன வேண்டும் என்று நம்மை முன்னால் சாய்ந்து உட்காரவைத்த அந்தக் கேள்வி போய்விடும். அதற்குப் பதிலாக வேறொன்று கிடைக்கும். அவளைப் பார்த்தவுடன் ஒரு இரக்கம் வரும், பழுவேட்டரையர் அருகில் அவள் நிற்கும் ஒவ்வொரு நொடியும் கனக்கும். மர்மத்தைக் கொடுத்து இரக்கத்தை வாங்கியிருக்கிறீர்கள். இந்த வியாபாரம் கட்டுமா என்று முடிவு செய்வதுதான் படத்தொகுப்பாளரின் வேலை. ஒரு காட்சியை நகர்த்திப் பார்க்கும் வரை, அதை அந்த இடத்தில் ஏன் வைத்தார்கள் என்பது யாருக்கும் முழுதாகப் புரியாது.

நகைச்சுவையை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பழைய படங்களில் தனியாக எழுதி, தனியாக எடுத்து, நடுநடுவே சொருகிய நகைச்சுவைப் பகுதிகள் ஏராளம். அவற்றை எடுத்தால் தழும்புகூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில் ‘கரகாட்டக்காரன்’ பக்கம் போகாதீர்கள். 1989இல் கங்கை அமரன் இயக்கிய அந்தப் படத்தில் கவுண்டமணி தவில்காரர், செந்தில் அதே குழுவில் ஒருவர். அவர்களை எடுத்தால் கரகாட்டக் குழுவே இல்லை, குழு இல்லாமல் கதாநாயகன் யார்? வாழைப்பழக் காட்சி கதைக்குத் தேவையா என்று கேட்டால் இல்லை என்றுதான் தோன்றும். எடுத்துப் பார்த்தால், ஊர் ஊராகச் சேர்ந்து அலையும் மனிதர்களின் நெருக்கமும் அதோடு போய்விடுவது தெரியும்.

இப்போது ஒலிக்கு வருவோம். தொண்ணூறு விழுக்காடு வீட்டுத் தொகுப்புகள் தோற்பது இங்கேதான் என்று அடித்துச் சொல்வேன். படத்தை வெட்டுவது யாருக்கும் வரும். கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது.

ஒரு வீட்டுக் காட்சியை எண்ணிக்கொள்ளுங்கள். அம்மா அடுப்படியில் பேசுகிறார், மகன் பதில் சொல்லாமல் வெளியே போகிறான், நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தேவையில்லாமல் நாலு வார்த்தை பேசுகிறார். பக்கத்து வீட்டுக்காரரை எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டியாயிற்று, படம் அழகாகச் சேர்ந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் ‘டக்’ என்று ஒரு தடங்கல். என்ன ஆனது? அம்மா பேசும்போது மெல்ல ஏறத் தொடங்கிய வயலின், மகன் வாசலைத் தாண்டும்போது உச்சத்துக்குப் போகும்படி இசையமைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இருபது வினாடியை உருவிவிட்டதால், வயலின் ஒரே தாவலில் மாடி ஏறிவிட்டது. அதோடு அடுப்படியில் கேட்ட விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் அறுந்து நிற்கின்றன. யாரும் பேசாதபோதும் ஓர் அறைக்கு ஓர் ஒலி உண்டு. அது திடீரென்று மாறினால், காரணம் தெரியாமலே பார்ப்பவர் நெளிவார்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்டாமல் இருப்பது. மகன் நடக்கும் செருப்புச் சத்தத்தை, அம்மா முகம் திரையில் இருக்கும்போதே அரை நொடி முன்னதாகத் தொடங்கிவிடுங்கள். காது முதலில் அடுத்த காட்சிக்குப் போய்விடும், கண் பின்னால் போகும், ஒட்டு மறைந்துவிடும். தொழில்முறைப் படங்களில் பாதி வெட்டுகள் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது, 5.1 ஒலித்தடம் உள்ள வட்டாக இருந்தால் ஆறு தடங்களையும் பிரித்துப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும், இசை இடமும் வலமும் பின்னாலும் பரவியிருக்கும். ஆகவே வசனத்தை ஓர் இடத்தில் வெட்டி, இசையை வேறோர் இடத்தில் ஒன்றை ஒன்று மேவும்படி மெல்லச் சேர்க்க முடியும். வயலின் ஏறும் இடத்தில் ஒரு தாளச் சுற்று முடியும் வரை பொறுத்து வெட்டினால் இளையராஜாவே கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பார். மூன்றாவது, பழைய ஸ்டீரியோ படமாக இருந்தால் குரலையும் இசையையும் பிரித்துத் தரும் ‘டெமுக்ஸ்’ போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. ஓரளவுக்குத்தான் உதவும். பிரித்த குரலில் தகரத்தில் பேசுவதுபோல ஒரு சாயல் ஒட்டிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையான ‘பால்’ நொடிக்கு 25. அந்த முறையில் வந்த டிவிடிகளில் படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் சற்று ஏறியிருக்கும். டிவிடியிலிருந்து ஒரு துண்டு, புளூரேயிலிருந்து ஒரு துண்டு என்று கலந்தால் உதடும் சொல்லும் மெல்ல விலகத் தொடங்குவது இதனால்தான். இரண்டையும் முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

செயலி எது என்றால், ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசப் பதிப்பே போதும். மடிக்கணினி கொஞ்சம் பழையது என்றால் ‘கேடென்லைவ்’. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்த கணினியைவிட அதுதான் உங்கள் வேலையை உயர்த்தும்.

தொலைக்காட்சித் தொடர் வேறு கதை. அங்கே நீக்க வேண்டியது நிறைய இருக்கும்: முந்தைய நாள் சுருக்கம், விளம்பரத்துக்குப் பின் திரும்ப வரும் அதே காட்சி, ஒரு சொல்லுக்கு ஐந்து முகங்களின் அதிர்ச்சி. ஒரு வாரத்துத் தொடரை ஒரு மணி நேரப் படமாக்கிப் பாருங்கள். எழுதியவர் உள்ளே நல்ல கதை வைத்திருக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். சில தொடர்களில் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, அதுவும் மலேசியாவில். 1987 காப்புரிமைச் சட்டம் தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் ஆகியவற்றுக்காக நியாயமாகப் பயன்படுத்துவதை விலக்கில் வைத்திருக்கிறது, பகடிக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 36ஏ பிரிவு, வட்டில் போடப்பட்ட மின்னணுப் பூட்டைத் தாண்டிச் செல்வதைத் தனியே தடை செய்கிறது. படைப்பாளியின் படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான தார்மீக உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.

இவற்றுக்கு மேலே நிற்பது 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம். தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லீனா ஹென்றியின் வழக்கே சாட்சி. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் காட்டும் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் திரையிட்டதற்காக அவர் மீது வழக்குப் போடப்பட்டது. 2017இல் அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அது அநியாயம் என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டம் இன்னும் சட்டமாகவே இருக்கிறது. தணிக்கையில் போன காட்சிகளை ஒட்டிச் சேர்த்த ‘முழுப் பதிப்பை’ வாட்சாப்பில் அனுப்புவதும் மண்டபம் பிடித்துப் போடுவதும் வேண்டாம்.

காப்புரிமைத் தொல்லை குறைவாக இருக்கும் படங்களில் பழகலாம். மலேசியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. 1948இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ இரண்டையும் கடந்துவிட்டது. பாடலுக்கும் கதைக்கும் எழுதியவர் ஆயுளைப் பொறுத்துத் தனிக் கணக்கு உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தை வாசனே இந்திக்காக மாற்றித் தந்தார், பிறகு வெளிநாட்டுக்காகச் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பும் வந்தது. அந்தப் படத்தில் வரும் முரசு நடனத்துக்கு முன்னால் எவ்வளவு காத்திருக்க வைக்கலாம் என்பதை அதில் பழகுவதுபோல் வேறெதிலும் பழக முடியாது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அப்படிப்பட்ட இயக்குநர்களுக்குக் கேமரா பிடிக்கத் தெரிந்தவர் கிடைத்துவிடுவார். ஒரு காட்சியில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று இரவெல்லாம் உட்கார்ந்து வாதாடும் தொகுப்பாளர் கிடைப்பது அரிது. ஆகவே பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து ஒரு படத்தை உருட்டிக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள் அம்மா, அப்பா. என்ன எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு, மூலத்தையும் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.