கொப்பரைக்குள் வெயில்

நுரை பொங்கும் கோப்பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கொல்லைப்புறமாக வாருங்கள், நமக்கு வேண்டியது குழாய்கள்!

ஆஸ்திரியாவில், ஸ்டீரியா மாநிலத்து லியோபென் நகரில் இருக்கிறது கோஸ் பீர் ஆலை. ஆலை வந்தது 1860இல். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர்க் கன்னிமாடத்தில் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். ஆமாம், கன்னியாஸ்திரிகள்தான்!

பீர் ஆலைக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது போதை அல்ல, வெந்நீர். எங்கு திரும்பினாலும் வெந்நீர்! முளைகட்டிய தானியமான மால்ட்டை அரைத்து அதில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதற்குக் கொதிக்கவே வேண்டாம். 80 டிகிரிக்குள் முடிந்துவிடும் சங்கதி. ஆனால் ஆலைகளின் வழக்கத்தைப் பாருங்கள்: எரிவாயுவைக் கொளுத்தி, 100 டிகிரியைத் தாண்டிய நீராவி பிடித்து, அதை வைத்து இந்தச் சூட்டை உண்டாக்குவார்கள். ஈ அடிக்க உலக்கை!

கோஸில் செய்த குறும்பு இங்கேதான். ஊறல் கொப்பரைக்குள் தகடுகளைப் பொருத்தி, அவற்றில் நீராவிக்குப் பதில் வெந்நீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், வெயிலுக்கு வாசல் திறந்துவிட்டது! 2013இல் ஏறத்தாழ 1,500 சதுர மீட்டருக்கு சூரிய வெப்பத் தகடுகள் வந்தன. கூடவே 2 லட்சம் லிட்டர் பிடிக்கும் ராட்சதத் தொட்டி. அழுத்தத்தில் அடைத்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. சுடுநீர் மேலே மிதக்கும், ஆறியது அடியில் தங்கும். மேலிருந்து உறிஞ்ச வேண்டியதுதான். மேகம் மூடினாலும் ஊறல் நிற்காது.

ரகசியம் ஒன்று: வெயில் தருவது மொத்தத் தேவையில் சிறு பங்குதான். படத்தில் அழகாக விழுவதால் பேர் அதற்கு! அசல் பாரத்தைச் சுமப்பது பக்கத்து மர அறுவை ஆலை. அங்கே மிஞ்சும் வெப்பம் குழாய்வழி வந்து, தேவையில் சுமார் 40 சதவீதத்தைத் தீர்க்கிறது. என் ஓட்டு அந்த அண்டை வீட்டுக்காரருக்கே.

கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் காய்ச்சும் கட்டத்தில் மட்டும் நிஜமான கொதி வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. சாறு இறங்கிய மால்ட் சக்கையை 2015 முதல் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். சற்றுமுன் வெந்நீரில் குளித்த அதே மால்ட், இப்போது கொதிகலனுக்கு விறகு! அதிலும் மிஞ்சும் கசடு வயலுக்கு உரமாகப் போகிறது.