கப்பலுக்கு இட்ட முதல்

கடல் வணிகம் தமிழக இசுலாமியர்க்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்தோர் பல நூற்றாண்டுகளாக இலங்கையுடனும் தென்கிழக்காசிய நாடுகளுடனும் வணிகம் செய்துவந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கடல்வழி அயலார் கைக்குச் சென்றது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேய நிறுவனத்தின் கப்பல்களே கோலோச்சின.

அதனை மாற்ற எண்ணிய வ.உ. சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். 10 இலட்சம் ரூபாய் மூலதனம், ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பெற்றது. அவற்றுள் 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 2 இலட்சம் ரூபாய்க்குப் பெற்றார். திட்டமிட்ட மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பகுதியாகும்.

ஆட்சியாளரின் ஆதரவு பெற்ற நிறுவனத்தை எதிர்த்து முதலிடுவது, இழப்பையும் ஏற்கத் துணிவதாகும். எதிர்நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. எனினும், காலியா, லாவோ என்னும் அக்கப்பல்கள் கடலில் சென்றதற்குப் பல சமயத்தவரும் ஒருங்கே இட்ட முதலே அடிப்படையாக அமைந்தது.