கால்நடைக் கழிவுநீரில் கண்ணுக்குப் புலப்படாத மாசு

பால்மரத்தின் வெட்டுப்பட்டையருகே தூரிகையால் எத்திஃபான் மருந்தைத் தடவுகிறோம். அம்மருந்து பட்டைக்குள் எத்திலின் என்னும் வாயுவை விடுவிக்கிறது. மரம் இயற்கையாகவே உண்டாக்கிக்கொள்ளும் ஹார்மோன் அது. தடவுவது சிறிதளவே, ஆயினும், பால் நெடுநேரம் வடிகிறது. மிகச் சிறிய அளவில் பெரிய மாறுதலைச் செய்வதே ஹார்மோனின் தன்மை என்பதை நாம் இதனால் அறியலாம்.

மனிதர்க்கும் விலங்குகளுக்கும் அவற்றுக்குரிய ஹார்மோன்கள் உண்டு. பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் கழிவில், சிறப்பாகச் சினைப்பட்டவற்றின் கழிவில், எஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் வெளியேறுகிறது. கொட்டிலைக் கழுவிய நீர் கால்வாய் வழியே ஆற்றை அடைந்தால், அதுவும் உடன் செல்கிறது. சில செயற்கை இரசாயனங்களும் உடலுள் இந்த ஹார்மோனைப் போலவே செயற்படுகின்றன.

இதனால் விளையும் தீங்கு யாது? கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனை ஆய்வாளர்கள் ஓர் ஏரியில் கலந்து ஆராய்ந்தனர். அதன் அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. ஆண் மீன்களின் உடலிலும் முட்டைக்குரிய புரதம் தோன்றியது. ஒருவகைச் சிறுமீன் அவ்வேரியில் ஏறத்தாழ அற்றே போயிற்று.

நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. 400 ஒலிம்பிக் நீச்சற்குளங்களின் நீரில் ஒரு கிராம் சீனியைக் கரைத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 1 நானோகிராம் இருக்கும்.

பாலில் உள்ள ரப்பரின் அளவை மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு அறிகிறோம். இத்துணை நுண்ணிய பொருளுக்கு அம்முறை உதவாது. எனவே ஆய்வாளர்கள் கழிவுநீரைத் தூய கண்ணாடிப் புட்டியில் எடுத்து, குளிரூட்டி, ஆய்வுக்கூடம் சேர்க்கின்றனர். அங்கு அதை வடிகட்டி, ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் பொருள் நிரப்பிய சிறு குழாயில் செலுத்துகின்றனர். அதில் தங்கியதைக் கரைப்பானால் கழுவி எடுத்து, சில துளிகளாகச் செறிவாக்குகின்றனர். பின்னர், பொருள்களைத் தனித்தனியே பிரித்து அவற்றின் நிறையைக் கணிக்கும் கருவியில் இடுகின்றனர். எப்பொருள் எவ்வளவு உண்டு என்பதை அது காட்டும்.

மற்றொரு முறையில், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பயன்படுத்துகின்றனர். எஸ்ட்ரோஜனை உணரும்படி மாற்றப்பட்ட அந்த ஈஸ்ட் உள்ள கரைசல், எஸ்ட்ரோஜனோ அதனைப் போன்ற பொருளோ இருந்தால் மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும். கருவி தேடாத பொருள்களின் விளைவையும் இது காட்டிவிடும். ஆகவே இரு முறைகளும் தேவையாகின்றன.

நம்மிடம் இக்கருவிகள் இல்லை. ஆயினும், நாம் செய்யத்தக்கது உண்டு. கொட்டிலைக் கழுவுமுன் சாணத்தை வாரிக் குழியிலிட்டு எருவாக்குவோம். காற்று நன்கு படும் இடத்தில் நுண்ணுயிர்கள் இந்த ஹார்மோனைச் சிதைக்கின்றன. கழுவிய நீரை ஆற்றில் விடாது தேக்கி வைப்போம். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. ஆற்று மீனும் நம் பிள்ளைகள் குளிக்கும் துறையும் நம் கவனத்தில்தான் இருக்கின்றன.