ஒரு மென்பொருளும் பல பதிவேடுகளும்

மருந்தின் அளவைக் கணித்துக் கூறும் மென்பொருள் ஒன்றினை இரண்டு வைத்தியசாலைகள் பயன்படுத்த விரும்புகின்றன என வைத்துக்கொள்வோம். முதலாவதன் தரவுத்தளத்தில் நோயாளரின் பிறந்த திகதி உண்டு. மற்றதில் வயது மாத்திரமே உண்டு. ஒன்றில் உடல் நிறை கிலோகிராமில் இருக்கிறது. மற்றதில் இறாத்தலில் இருக்கிறது. எத்தரவு எவ்விடத்தில் எவ்வடிவில் வைக்கப்படும் என்னும் ஒழுங்கே தரவுத்தளத்தின் அமைப்பு எனப்படும்.

அமைப்புகள் வேறுபடும்போது முதலில் தோன்றும் வழி எளியது. கணக்கு வரும் இடந்தோறும், 'முதலாம் வைத்தியசாலையாயின் இவ்வாறு செய்க, இரண்டாவதாயின் அவ்வாறு செய்க' என்று எழுதிவிடலாம். மூன்றாவது வைத்தியசாலை வந்து சேரும்போதோ அத்தனை இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் தப்பினும் ஆபத்தே. 44 இறாத்தல் நிறையுள்ள குழந்தை ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடையது. அதனை 44 கிலோகிராம் எனக் கொண்டால், நிறைக்கேற்ப அளக்கப்படும் மருந்து இரு மடங்குக்கும் மேலாகிவிடும். இது வெறும் கற்பனை அச்சமன்று. ஒரு மென்பொருள் இறாத்தல்வழி அலகில் தந்த எண்களை மற்றொன்று மெற்றிக் அலகாகக் கொண்டமையாலேயே, 1999 ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது.

இத்தகைய சிக்கல்களுக்குத் தேர்ந்த தீர்வுகளை வடிவமைப்பு மாதிரிகள் என்பர். எரிக் காமா முதலிய நால்வர் 1994 ஆம் ஆண்டில் அவற்றுள் 23 மாதிரிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். எதனைத் தேர்வது? வேறுபாடு எத்தகையது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பெயர்கள் மாத்திரம் வேறாயின், இப்பெயருக்கு இப்பெயர் எனக் காட்டும் பட்டியல் ஒன்றே போதும். வடிவமோ அலகோ வேறாயின், 'அடாப்டர்' என்னும் மாதிரி ஏற்றது. ஒவ்வொரு தரவுத்தளத்தின் வாயிலிலும் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவது போன்றது இது. இறாத்தல் அங்கேயே கிலோகிராமாக மாறிவிடும். உள்ளிருக்கும் கணக்கு இறாத்தலை அறியவே வேண்டியதில்லை. புதிய வைத்தியசாலை வந்தால், புதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சேர்த்தாற் போதும். கணிக்கும் விதியே வேறாயின், விதிகளைத் தனித்தனியே வைத்து வேண்டியதனைப் பொருத்தும் 'ஸ்ட்ராட்டஜி' என்னும் மாதிரியை நாடுதல் வேண்டும்.

எனினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. இறாத்தலைக் கிலோகிராமாக்கலாம், வயதினைக் கொண்டு பிறந்த திகதியை அறிய முடியாது. அவ்விடத்தில் ஏதேனுமொரு திகதியை இட்டு நிரப்பும் அடாப்டர், இல்லாத உண்மையைப் படைத்து விடுகிறது. 'தெரியவில்லை' என்று விடையளிக்க அதற்கு இடமிருத்தல் வேண்டும். அவ்விடையைக் கேட்டுக் கணக்கை நிறுத்தி, வைத்தியரை வினவ மென்பொருளுக்கும் வழியிருத்தல் வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லப்படாததைத் தாமாகச் சேர்ப்பதில்லை அன்றோ?